புரூஃப் அண்ணையின் சுணக்கம்

ரொறன்ரோவில் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய தமிழர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், வீடு விற்கும் முகவர்கள், கலியாண வீடியோக்காரர்கள், கோயில் நிர்வாகசபைத் தலைவர்கள் என்று பலர் வரிசையில் வந்து நிற்பார்கள். ஆனாலும் முதற்பரிசு புரூஃப் அண்ணைக்குத்தான். மற்றவர்களை நாங்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவோம். புரூஃப் அண்ணையை மட்டும் முகத்துக்கு நேரே, கையைப் பிடித்துக்கொண்டு, சில சமயம் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்துத் திட்டினார்கள்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை அவருடைய மனைவியும் வருமான வரிக்காரரும் மட்டுமே பயன்படுத்தினார்கள். "புத்தகம் எப்ப வரும்?" என்று யார் கேட்டாலும் "புரூஃப் பாக்கிறன்", அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறேன், என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது.

புத்தகம் என்பது கரம் விளையாட்டுக்கான ஒரு சஞ்சிகை. சதுரப் பலகையில் காயைச் சுண்டி மூலைக் குழிக்குள் விழுத்துகிற அதே கரம்தான். அதற்கென்று தமிழில் ஒரு சஞ்சிகை, பெயர் 'சிவப்புக்காய்'. இந்த நகரத்தில் போட்டிக்குக் கரம் விளையாடுகிற தமிழர்கள் எல்லோரையும் ஒரு கலியாண மண்டபத்துக்கு அழைத்தால் கதிரையும் மிஞ்சும், சோறும் மிஞ்சும். அண்ணை அதையெல்லாம் யோசிக்கவில்லை. ரூஜ் பகுதியில் தன் வீட்டின் நிலவறையான பேஸ்மென்றில் ஒரு கணினியையும் ஒரு கரம் போர்டையும் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஓர் இதழ் என்று அறிவித்து, சந்தா சேர்த்து, முதல் இதழைக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த முதல் இதழ்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அது அவ்வளவு அழகாக வந்திருந்தது. பார வண்டி ஓட்டுகிறவர்களும், பேக்கரியில் மாப் பிசைகிறவர்களும், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவர்களும் வென்ற ஆட்டங்கள் அதுவரை வாட்ஸப்பில் நாலு கைதட்டு வாங்கிவிட்டு அன்றைக்கே அடியில் போய்விடும். இப்போது வழுவழுப்பான தாளில், முழுப்பெயரோடு, சுண்டுவதற்கு விரல் மடித்த படத்தோடு வந்திருந்தன. ஒருவர் தன் பக்கத்தைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். அதன் பிறகு எல்லோருக்கும் அடுத்த இதழ் உடனே வேண்டும் என்றாகிவிட்டது.

அடுத்தது குளிர்கால இதழ். அது வந்து சேர்ந்தபோது சனம் முற்றத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தது.

நான் இந்தக் கதைக்குள் வந்தது என் கணவரால். அவர் கரம் பைத்தியம். நான் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். சந்தாதாரர்களோடு கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணை சொல்ல, இவர் என்னைக் கேட்காமலே என் நம்பரைக் கொடுத்துவிட்டார். நான் அண்ணையிடம் போய் மறுத்துப் பார்த்தேன்.

"அண்ணை, எனக்குக் கரமெண்டால் என்னெண்டே தெரியாது."

"கரம் தெரியத் தேவையில்லை, தங்கச்சி. நீர் நாள் முழுக்கப் பல்லுக்கொதியோட வாறவையோட கதைக்கிறனீர். உவையோட கதைக்கிறது பெரிய வேலையே?"

பல்லுக்கொதிக்காரர் எவ்வளவோ மேல் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு அன்று பின்னேரமாவது பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். எனக்கு அழைத்தவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு திகதிகூட என்னிடம் இல்லை. காசைத் திருப்பித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டால் கோபம் இன்னும் ஏறும். "காசு ஆருக்கு வேணும்? புத்தகத்தைத் தாங்கோ." தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற இடத்தில் அண்ணையை மறித்தார்கள். செத்தவீட்டில் மலர் வைக்கும் வரிசையில் மறித்தார்கள். ஒரு ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், முன்வரிசையில் இருந்தவர் திரும்பி அண்ணையின் கையைப் பற்றினார்.

"சமாதானம், அண்ணை. புத்தகம் எங்கை?"

அண்ணையும் அதே பக்தியோடு சொன்னார். "சமாதானம். புரூஃப் பாக்கிறன்."

அண்ணை ஒரு பொய் சொல்லியிருந்தால் எங்கள் பாடு பாதியாகக் குறைந்திருக்கும். அச்சகத்தில் மெஷின் உடைந்துவிட்டது, தாள் வரவில்லை என்று எத்தனையோ பொய்கள் உலகத்தில் சும்மா கிடக்கின்றன. ஒன்றையும் தொட விடமாட்டார். தபால்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஊர் முழுக்க எல்லாமே பிந்தியது. எங்களுடையதும் அதற்குள் மறைந்துபோகும் என்று நினைத்தேன். அண்ணை என்ன செய்தார் தெரியுமா? சந்தாதாரர்களை ஒவ்வொருவராக அழைத்து, "உது ஸ்ரைக்கால சுணங்கேல்லை. நான் இன்னும் போஸ்ற் பண்ணவேயில்லை" என்று விளக்கம் கொடுத்தார். அதுவரை திட்டாதவர்களும் அன்று திட்டினார்கள்.

ஏன் இந்தச் சுணக்கம் என்று பார்க்க ஒருநாள் பேஸ்மென்றுக்குப் போனேன். அண்ணை கரம் போர்டுக்கு முன்னால் வியர்த்துப்போய் இருந்தார். பக்கத்தில் ஒரு போட்டியின் செய்தி. கடைசி அடியில் காய் இரண்டு பக்கச் சட்டத்திலும் பட்டுக் குழியில் விழுந்தது என்று எழுதியிருந்தது. அண்ணை அதே இடத்தில் காயை வைத்து, அதே மாதிரி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் போர்டில் விழாத எதையும் அவர் அச்சில் விழ விடுவதில்லை.

அவருடைய வேலை அப்படி. பகலில் மார்க்கம் நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் பிரேக்கின் பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவர். நான் மெல்லக் கேட்டேன்.

"அண்ணை, இது பிரேக் இல்லையே. விளையாட்டுத்தானே."

"தங்கச்சி, பிரேக் சுணங்கி வந்ததால ஒருத்தரும் சாகேல்லை. பிழையா வந்தால்தான் சாவினம்."

"கரத்தில ஆர் சாகிறது?"

"தோத்தவன்" என்றார்.

அது சிரிப்புக்குச் சொன்னதில்லை. குளிர்கால இதழின் ஒரு செய்தியில், ஒருவர் 'இலகுவாகத் தோற்றார்' என்று அச்சாகிவிட்டது. உண்மையில் அவர் கடைசிக் காய்வரை போராடியவர். கட்டுக்கட்டாக வந்திறங்கிய இதழ்களைப் பிரித்து வைத்து, அண்ணையும் மனைவியும் கறுப்புப் பேனையால் ஒவ்வொரு பிரதியிலும் அந்த 'இலகுவாக'வை வெட்டினார்கள். புல்லு வெட்டுகிற காலம்வரை இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் காலத்தில்தான், ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் இருந்த 'ஸ்ரௌவ்வில் அங்கிள்' எனக்கு அழைக்கத் தொடங்கினார். எல்லோரிலும் பெரிய முறைப்பாட்டுக்காரர் அவர்தான். நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கும்போது சரியாகப் போன் அடிக்கும்.

"பிள்ளை, நீங்கள் கொம்பனி நடத்திறியளோ, பகிடி விடுறியளோ?" என்று தொடங்குவார். நான் மன்னிப்புக் கேட்பேன். சாப்பாடு முடிவதற்குள் குரல் இறங்கிவிடும். "சரி, அங்க குளிரே? இண்டைக்கு என்ன கறி?"

மனைவி இறந்த பிறகு மகனோடு ஸ்ரௌவ்விலில் ஒரு புது வீட்டில் இருந்தார். மகனும் மருமகளும் காலையில் ஆளுக்கொரு காரில் போய்விடுவார்கள். நடந்து போகிற தூரத்தில் ஒரு கடை இல்லை. "கராஜ் கதவுதான் பிள்ளை தெருவில நிக்குது. மனிசரைப் பாக்கிறதெண்டால் குப்பை எடுக்கிற நாள் வர வேணும்" என்பார். கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. புத்தகம் நேரத்துக்கு வந்திருந்தால் இந்த மனிதர் யாருக்கு அழைத்திருப்பார்?

அப்படி ஒரு மத்தியானம்தான் தன்னுடைய அடியைப் பற்றிச் சொன்னார். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேரே இருந்த காலம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் ஒரு கரம் போட்டி. கடைசி ஆட்டத்தில் இவருக்கு ஒரு வெள்ளைக் காயும் நடுவிலுள்ள சிவப்பும் மிச்சம். சிவப்பை விழுத்தினால் போதாது. அதைத் தக்கவைக்கத் தன் காய் ஒன்றையும் விழுத்த வேண்டும். இவர் சுண்டிய ஸ்ரைக்கர், மற்றக் காய்களை அடிக்கிற அந்த வட்டு, மூன்று பக்கச் சட்டத்திலும் பட்டுத் திரும்பி வந்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒரே அடியில் வேறுவேறு குழிகளுக்குள் அனுப்பிவிட்டதாம்.

நான் இதை அண்ணையிடம் சொன்னேன். அவர் கண் விரிந்தது. அடுத்த இதழுக்கு அங்கிளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டார். எழுதி முடித்ததும் வழக்கப்படி போனில் அங்கிளுக்கு வாசித்துக் காட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். "ஒரே அடியில் இரண்டையும் விழுத்தியதாகச் சொல்கிறார்" என்ற இடம் வந்ததும் மறுமுனையிலிருந்து அங்கிள் இடைமறித்தார்.

"தம்பி, அந்தச் 'சொல்கிறார்' என்னத்துக்கு?"

"அண்ணை, நான் பாக்கேல்லைத்தானே" என்று, மூத்தவரான அங்கிளையும் 'அண்ணை' போட்டுச் சொன்னார் புரூஃப் அண்ணை.

"நான் பாத்தனான். நானெல்லோ அடிச்சது."

"அதுதான் அண்ணை. நீங்கள் சொல்லுறியள்."

"அப்ப நான் பொய்யே சொல்லுறன்?"

"இல்லை அண்ணை. 'விழுத்தினார்' எண்டு போட எனக்கும் ஆசைதான். ஆனால் அதை நான் பாக்க வேணும்."

அங்கிள் போனை வைத்துவிட்டார். ஒரு வினைச்சொல்லின் வாலில் மூன்றாவது இதழ் தொங்கிப்போய் நின்றது.

அண்ணை சாட்சி தேடினார். எதிரே விளையாடியவர் காலமாகியிருந்தார். நடுவர் நோர்வேக்குப் போனவர், தொடர்பில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைப் பெரும்பாடு பட்டுக் கண்டுபிடித்தால், "அந்த நேரம் நான் சாப்பிட ரோல்ஸ் எடுக்கப் போயிட்டன்" என்றார். கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணை கரம் போர்டைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரௌவ்விலுக்குப் புறப்பட்டார். சண்டை வந்தால் விலக்குப் பிடிக்க நானும் போனேன்.

அங்கிளின் மகன் வாசலிலேயே எங்களை நிறுத்தினார். "வயசுபோன மனிசனிட்டப் போய்ப் புரூஃப் கேக்கிறியளோ? அவர் சொல்லுறதை ஓம் எண்டு போட்டால் உங்களுக்கு என்ன குறையப்போகுது?"

உள்ளேயிருந்து அங்கிளின் குரல் வந்தது. "போர்டை உள்ள கொண்டு வரச் சொல்லு."

முதலில் அங்கிளே அடித்தார். கை நடுங்கியது. ஸ்ரைக்கர் ஒரு சட்டத்தைக்கூடத் தொடாமல் நடுவில் நின்றது. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிள் கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "தம்பி, நீர் அடியும். நான் சொல்லுறன்."

அதன் பிறகு ஒவ்வொரு சனியும் அதே வேலை. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். விரலை மடியும். இவ்வளவு பலம் வேண்டாம், கதவு தட்டவோ போறீர்?" என்று அங்கிள் அதட்டுவார். அண்ணை பள்ளிப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டு அடிப்பார். சிவப்பு விழும், வெள்ளை விழாது. வெள்ளை விழுகிற அன்று சிவப்பு குழியின் விளிம்பில் நின்று பார்க்கும். மருமகள் வடை சுட்டுக் கொண்டுவந்து வைப்பார். வாசலில் எங்களை நிறுத்திய மகன், போகப்போக, "அந்தச் சட்டத்தில படுற கோணம் பிழை" என்று தானும் குனிந்து பார்க்கத் தொடங்கினார். என் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இப்போது முறைப்பாடு இல்லை. "தம்பி சனிக்கிழமை வாறவரோ?" என்று மட்டும் அங்கிள் கேட்பார்.

அதே நேரம் மற்றவர்களின் பொறுமை முடிந்துகொண்டிருந்தது. அந்த மூன்றாவது இதழில்தான் ஜெராட்டின் வெற்றியும் இருந்தது. ஜெராட் பார வண்டி ஓட்டுகிறவர். பலமுறை முயன்று முதல்முறையாகச் சாம்பியனானவர். "நான் வெண்ட புத்தகம் வர முதல் நான் தோத்திடுவன் அக்கா" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடப் போட்டி வந்தது. ஜெராட் தோற்றார். புத்தகம் வரவில்லை.

அன்று போட்டி நடந்த சமூக நிலைய மண்டபத்தில் பரிசுகள் கொடுத்து முடிந்ததும் அண்ணையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். ஜெராட்டின் குரல் கோபமாகக்கூட இல்லை.

"அண்ணை, நான் ஒரு வருசம் சாம்பியனா இருந்தனான். அதை ஒருத்தரும் வாசிக்கேல்லை."

"பிழை என்ர தான்" என்றார் அண்ணை.

"எப்ப வரும்? அதையாவது சொல்லுங்கோ."

"சொல்லத் தெரியாது தம்பி."

கூட்டத்தில் யாரோ உரத்துச் சொன்னார்கள். "ஆரோ ஒரு கிழவன்ர பழங்கதைக்காக எங்கள் எல்லாரையும் காக்க வைச்சிருக்கிறார்."

அங்கிள் பின்வரிசையில் மகனோடு இருந்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு எழும்பினார். மகன் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தார், அவர் உதறிவிட்டார்.

"அந்தக் கிழவன் நான்தான்" என்றார். "நானும் உவரை ஏசினனான். இந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, எவ்வளவு ஏசினனான் எண்டு. என்ர கதையை நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன். கேட்டவை எல்லாரும் ஓம் ஓம் எண்டவை. என்ர பிள்ளையளும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு ரீவியைப் பாக்குங்கள். இந்தத் தம்பி ஒருத்தர்தான் நம்பேல்லை. நம்பாமல் ஒவ்வொரு சனியும் ஸ்ரௌவ்வில் வந்தவர். நம்பின ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையே."

பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினார். "காணும் தம்பி, இதோட நிப்பாட்டும். 'சொல்கிறார்' எண்டே போடும்."

"அண்ணை, வலப்பக்கச் சட்டத்தை நாங்கள் இன்னும் சரியாப் பாக்கேல்லை."

"அதைப் பிறகு பாப்பம். இந்தப் பொடியன் காத்துக்கொண்டு நிக்கிறான்."

இதழ் வந்தது. அட்டையில் ஜெராட். 'இந்த இதழ் அச்சாகும்போது அவர் சாம்பியன் அல்ல' என்று அடியில் ஒரு குறிப்புப் போட அண்ணை துடித்தார். அதை நான் அழித்தேன். அந்தச் சஞ்சிகையில் நான் பார்த்த ஒரே புரூஃப் அதுதான். அங்கிளின் கட்டுரை 'சொல்கிறார்' என்றே இருந்தது. அதற்குக் கீழே அண்ணை புதிதாக எழுதியிருந்தார்: 'அந்த அடியை நாங்கள் பல சனிக்கிழமைகள் அடித்துப் பார்த்தோம். விழவில்லை. எங்களால் முடியாததை அவரும் செய்யவில்லை என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.'

புத்தகம் கிடைத்த அன்று மத்தியானம் அங்கிள் அழைத்தார். வழக்கமான குரல் இல்லை.

"பிள்ளை, வடிவா வந்திருக்கு. ஆனால் என்ர பேரில ஒரு எழுத்துப் பிழை."

நான் வாயில் வைத்த சோற்றை விழுங்கவில்லை.

"அந்தத் தம்பிக்குச் சொல்லிப்போடாதையும். பாவம்" என்றார்.

நான் சொல்லவில்லை. நீண்ட காலத்துக்குப் பிறகு அண்ணையே கண்டுபிடித்து, முகம் செத்துப்போய், பேனையோடு ஸ்ரௌவ்விலுக்கு ஓடினார் என்பது வேறு கதை. இருவரும் அன்று என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. கரம் போர்ட் மட்டும் அங்கிளின் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன் பிறகும் இதழ்கள் வந்தன. எப்போது வந்தன என்று கேட்காதீர்கள்.

இந்த வருடம் அண்ணைக்கு இருதயத்தில் ஒப்பரேசன். இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கவும் தொடங்கிவிட்டார். ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் அவருடைய மனைவியோடு இருக்கலாம் என்று போனால், அங்கே ஒரு கதிரைகூட மிஞ்சவில்லை. ஜெராட் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு வேலை உடுப்போடு சுவரில் சாய்ந்து நின்றார். எனக்குப் போனில் ஏசியவர்கள், மீன்கடையில் மறித்தவர்கள், பூசையில் கையைப் பிடித்தவர் எல்லோரும் இருந்தார்கள். அங்கிளை மகன் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் முடியும் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் போய் வெகுநேரமாகியும் உள்ளேயிருந்து ஒரு செய்தியும் இல்லை. அண்ணையின் மனைவி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் இவ்வளவு நேரம் என்று மேசையில் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று எழும்பினேன்.

அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"இரும் பிள்ளை," என்றார். "அவசரமில்லை. ஆறுதலாச் செய்யட்டும்."